கொல்லிமலையும் அறைப்பள்ளியும்

சிவமயம்

திருமுறைத் தலங்களைத் தேடிச் சென்று வழிபடும் அன்பர்கள் பதிகம் பெற்ற தலங்களையே பெரிதும் நாடுவர். பிற தலத்துப் பதிகங்களினிடையே பெயர் மட்டும் வைத்து ஓதப்பெற்ற வைப்புத்தலங்களை நாடிச் செல்வார் மிகச் சிலரே. பதிகம் பல பாடல்களால் ஒரு தலத்தின் இயல்பை விரித்துக் காட்டும். வைப்புத்தலத்துக்கோ ஒரு சொல் அல்லது இருசொல்லே கிடைக்கும். அச்சிறு சொல்லைக் கையிற் கொண்டு அவ்விடத்துக்குச் சென்று, அதன் உண்மையை நேரிற் கண்டு தெளிதல் வரலாற்றுக்கும் வழிபாட்டுக்கும் ஒருங்கே உரிய பணியாகும். அத்தகைய பணிக்கு மிகவும் ஏற்ற இடங்களுள் ஒன்று கொல்லிமலை. அம்மலையிற் பழமை சான்ற இடங்கள் யாவை, அவற்றை எவ்வாறு காண்டல் வேண்டும், அவற்றாற் சைவர்க்கு விளங்கும் பொருள் யாது என்பனவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

மலையும் வழியும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. முன்னர்ச் சேலம் மாவட்டத்தின்கண் இருந்த இப்பகுதி, 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டம் தனியே அமைக்கப்பட்டபோது அதனைச் சேர்ந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த இம்மலையின் மேற்பரப்பு கூரிய சிகரமாக இராது, மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கின்றது. ஆதலின் வயலும் ஊரும் சந்தையும் கோயிலும் மலையின் மீதே பொருந்தியுள்ளன. சதுரகிரி என்னும் பெயரும் இதற்கு உண்டு. அறப்பளீசுர சதகம் இப்பெயராலேயே இம்மலையைக் குறிக்கின்றது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக மலையடிவாரத்துக் காரவள்ளியை அடைதல் வேண்டும். அங்கிருந்து மேலேறும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. ஒவ்வொரு வளைவிலும் சமவெளி கீழே சென்றொளிக்க, காற்றுத் தண்மை மிகுந்துகொண்டே வரும். வண்டிப்பாதை இல்லாத காலத்தில் மக்கள் கால்நடையாகவே ஏறினர். கிழக்கே புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து நடந்தேறும் வழி இன்றும் உண்டு. பாதையின் எளிமை வந்தபின் மலைக்கு வருவார் தொகை பெருகிற்று. வந்தவருட் பலர் அருவியைக் கண்டு, நீராடி, அன்றே இறங்கிவிடுகின்றனர். அவர்கள் கண்டது மலையின் ஒரு பக்கமே.

மேலேறியவுடன் யாம் முதற்கண் கருத வேண்டுவது ஒரு கட்டடமன்று, ஊர்ப்பெயர்களே. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என ஊர்த்தொகுதிகள் யாவும் நாடு என்னும் பெயரோடு வழங்குகின்றன. நாடு என்பது ஊர்கள் பல சேர்ந்த பழந்தமிழ் ஆட்சிப் பிரிவு. சோழர் கல்வெட்டுக்களில் அடிக்கடி வருவது. சமவெளியிற் பெரும்பாலும் கல்லெழுத்தாகவே எஞ்சிய அச்சொல், இம்மலைமேல் அன்றாட வழக்காக உயிரோடிருக்கின்றது. பழமையைக் காண விரும்புவார்க்கு இதனினும் தெளிந்த அடையாளம் வேறு யாது வேண்டும்?

பாவையும் ஓரியும்

மலைமேல் எட்டுக்கை அம்மன் கோயில் ஒன்றுண்டு. அவ்வம்மனையே கொல்லிப்பாவை என்று மக்கள் வழிபடுகின்றனர். கொல்லிப்பாவை என்றவுடன், நகைத்தும் நோக்கியும் அணுகினாரைக் கொல்லும் மாயப்பாவை என்னும் கதையே யாவர்க்கும் நினைவிற்கு வரும். மலையின் பெயர்க்கும் அக்கதையையே காரணமாகக் கூறுவார் உளர். நோயைக் கொல்லும் மூலிகைகள் மிகுந்தமையாற் கொல்லி எனப்பட்டது என்பாரும் உளர்.

சங்கச் செய்யுட்களைப் புகுந்து நோக்கின் வேறொரு செய்தி விளங்கும். நற்றிணை 185-ஆம் பாட்டு, கொல்லியின் மேற்புறத்தே தேனடைகள் மிக்க நெடுவரையிற் தெய்வம் எழுதிய பாவை என்று கூறும். அந்நூலின் 201-ஆம் பாட்டு, பலாமரம் மிக்கதும் வெள்ளருவி வீழ்வதும் தெய்வம் காப்பதுமாகிய அம்மலையில், காற்று மோதினும் மழை பெய்யினும் இடி விழினும் நிலம் நடுங்கினும் தன் அழகு கெடாத பாவை என்று பரணர் வாயிலாக உரைக்கும். குறுந்தொகை 89-ஆம் பாட்டு மலையை அச்சம் மிக்கது எனக் கூறினும் பாவையை நல்லியல்புடையது என்றே புகழும். இம்மூன்று பாட்டுக்களிலும் பாவை கொல்வதாகக் கூறும் சொல் ஒன்றேனும் இல்லை. அழியாமையும் அழகுமே அதன் இயல்புகளாகப் பேசப்பட்டன. ஆகவே, கொல்லும் பாவை என்னும் கதை மலையின் பெயர்க்குப் பொருள் தேடப் புகுந்த பிற்காலத்தார் கருத்தாதல் கூடும் என்பது எம் துணிபு. பலாவும் தேனும் வெள்ளருவியும் அன்று போலவே இன்றும் அம்மலையில் உள்ளன. புலவர் கண்டதையே பாடினர் என்பதற்கு அவை சான்று.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கின்றது. ஆண்டுதோறும் ஆடித்திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் அரசினரால் அவன் பெயரால் விழா எடுக்கப்பெறுகின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய இவன் இம்மலைக்குத் தலைவன். இவன் எய்த ஓரம்பு யானையை வீழ்த்திப் புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று செறிந்தது என்று புறநானூறு 152-ஆம் பாட்டில் வன்பரணர் கூறுவர். அப்பாட்டில் வில்லாண்மையினும் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தன்னை யாரென்று அறியாத பாணர் தன் பெயரையே சொல்லிப் பாடக் கேட்டு அவன் நாணி நின்றான். பின்னர் மான் தசையும் தேனும் தன் மலைப்பொன்னும் மணியும் வேட்டைக்காட்டிலேயே அவர்க்கு வழங்கினான். கொடுத்துப் புகழ் பெறுவார் பலர். புகழ் கேட்டு நாணுவார் அரியர்.

அத்தகையோன் முடிவு துயருடையது. முள்ளூர்க்குத் தலைவனாகிய மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூறு 209-ஆம் பாட்டிற் கல்லாடனார் கூறுவர். ஓரியைக் கொன்ற காரி அவன் ஊர்த்தெருவிற் புகுந்தபோது எழுந்த பேராரவாரத்தை நற்றிணை 320-ஆம் பாட்டில் கபிலர் குறிப்பர். பின்னும் பகை ஓய்ந்தபாடில்லை. கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இருபெருவேந்தரையும் வென்று, தகடூரையும் அழித்தான் பெருஞ்சேரல் இரும்பொறை என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் உரைக்கும். அவ்வதியர் குடிப்பெயர் தாங்கிய மன்னரே பிற்காலத்தில், 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி, மலையடிவார நாமக்கல்லிற் குடைவரைக் கோயில் எடுத்தனர். மலைக்குச் செல்வார் அவற்றையும் வழியிற் காணலாம். சேரர்க்கும் கொல்லிக்கும் நேர்ந்த தொடர்பு நெடுங்காலம் நின்றது. சேரர்குல வேந்தராகிய குலசேகராழ்வார் தம்மைக் கொல்லியின் காவலர் என்று கூறிக்கொண்டமை அறிஞர் அறிந்ததே.

இச்செய்திகள் யாவும் ஒருகால் ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்தன. 1889-இற் பத்துப்பாட்டையும், 1894-இற் புறநானூற்றையும், 1904-இற் பதிற்றுப்பத்தையும் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் அச்சேற்றினார்கள். நற்றிணை பின்னத்தூர் நாராயணசாமி ஐயரவர்கள் உரையோடு 1915-இல் வெளிவந்தது. இப்பெரியோர்கள் ஏடு தேடி அலையாதிருந்தால், செம்மேட்டில் இன்று நிற்கும் சிலைக்கு வரலாறு கூறுவார் யாவர்? மலையிற் காணும் நினைவுக்குறிக்கு உயிர் கொடுத்தது மலைக்கு வெளியே நிகழ்ந்த நூற்பணி என்பதை நாம் மறத்தலாகாது.

அறைப்பள்ளி

இனிச் சைவர்க்குத் தலைமையாய் உரிய இடத்துக்கு வருவாம். வளப்பூர் நாட்டுப் பெரியகோயிலூரில் ஐயாற்றின் அருகே அறப்பளீசுவரர் எழுந்தருளியுள்ளார். அம்மை அறம்வளர்த்த நாயகி. கோயிலிற் சோழர் காலக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவை அக்காலத்திலேயே இம்மலைக் கோயில் மன்னர் ஆட்சியிற் பேணப்பட்டமைக்குச் சான்று.

கல்வெட்டுக்களினும் முந்திய சான்று திருமுறையே. 7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்தின் முதற்பாட்டிலேயே இத்தலம் கொல்லியின் பெயரோடு வைத்து ஓதப்பட்டது. அங்கே சுவாமிகள் வழங்கும் வடிவம் அறைப்பள்ளி. அதற்கு அவர் சேர்த்த அடைமொழி 'குளிர்' என்பது. திருஞானசம்பந்த சுவாமிகள் திருக்ஷேத்திரக்கோவையிற் பள்ளி என்று முடியும் தலங்களை ஒருங்கு தொகுக்குமிடத்து அறப்பள்ளி என்று வருவதும் இத்தலமே என்பது கற்றோர் கொள்கை.

இவ்விரு வடிவங்களும் ஆராயற்பாலன. அறை என்பது பாறைக்குப் பெயர். பள்ளி என்பது தங்குமிடம். ஆகவே அறைப்பள்ளி என்பது பாறைமேல் அமைந்த உறைவிடம் எனப் பொருள்படும். பள்ளி என்னும் சொற் கண்டவுடன் அது சமணர் இருக்கையாகவே இருந்திருத்தல் வேண்டும் என்று கூறுவார் உளர். சிராப்பள்ளி, அகத்தியான்பள்ளி, காட்டுப்பள்ளி, நனிபள்ளி, செம்பொன்பள்ளி முதலாகச் சிவபிரான் கோயில்கள் பல பள்ளி எனப் பெயர் பெற்றுத் திருமுறையில் ஓதப்பட்டமையின், அச்சொல் ஒன்றே கொண்டு அவ்வாறு துணிதல் பொருந்தாது. அறைப்பள்ளி என்பதன் ஐகாரம் குறைந்து அறப்பள்ளி என நின்றபோது, பாறை என்னும் பொருள் மறைந்து அறம் என்னும் பொருள் மேலெழுந்தது போலும். அம்மையின் பெயர் அறம்வளர்த்த நாயகி என வழங்குவது இம்மாற்றத்தோடு ஒத்துள்ளது.

இம்மாற்றம் பயனின்றிப் போகவில்லை. சீகாழி அருணாசலக் கவிராயரின் புதல்வர் எனப்படும் அம்பலவாணக் கவிராயர், இவ்விறைவனை முன்னிலைப்படுத்தி அறப்பளீசுர சதகம் பாடினார். மதவேள் என்னும் வள்ளலின் வேண்டுகோள் அதற்குக் காரணமாயிற்று. நூறு பாட்டுக்களிலும் இல்லறம், அரசு, நட்பு, ஈகை, ஒழுக்கம் முதலிய உலகியலறங்களே பேசப்படுகின்றன. திண்ணைப்பள்ளிகளிலும் அது பயிலப்பட்டது. பாறையின் பெயராகத் தொடங்கியது அறத்தின் பெயராக வளர்ந்து, ஒரு நீதிநூலுக்கும் இடமாயிற்று. சொல் பிழைபட வழங்கினும் அதிலிருந்து நன்மையை விளைத்துக்கொள்ளும் ஆற்றல் நம் முன்னோர்க்கு இருந்தது.

நாவரசர் 'குளிர்' என்று ஓதியதன் அருமை அவ்விடத்திற் சென்று நின்றார்க்கே புலப்படும். யாம் சென்றது ஆடித்திங்கள். சமவெளியிற் கடுங்காற்றுப் புழுதியை வாரி இறைக்க, கோயில் முன்றிலிற் பகற்போதிலும் மூடுபனி இறங்கிற்று. காலடியிற் கல் சில்லென்றிருந்தது. அருகே ஐயாற்றின் ஒலி. தேவாரத் தலங்கள் பலவும் ஆற்றுச் சமவெளியில் உள்ளன; அவற்றுக்கு வயலும் பொழிலும் அடையாக வந்தன. இத்தலத்துக்கோ தண்மையே அடையாக வந்தது. சுவாமிகள் நேரே இம்மலையில் ஏறினார் என்று துணிதற்கு இவ்வொரு சொல் போதாது. ஆயினும் இடத்தின் இயல்பை அறிந்தே அவர் ஓதினார் என்று கொள்ளுதற்குத் தடையில்லை.

கோயிலின் அருகிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்றால் ஐயாறு பாறையினின்று வீழும் ஆகாயகங்கை என்னும் அருவியைக் காணலாம். அந்நீர் கீழே புளியஞ்சோலை வழியாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துட் புகுகின்றது. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

தலத்தைப் பற்றி இரண்டு செவிவழிச் செய்திகள் உள்ளன. நிலத்தை உழுதான் ஒருவனது கலப்பை பட்டுக் குருதி சிந்தியபோது சிவலிங்கம் வெளிப்பட்டது. அவ்வடு இன்றும் திருமேனியில் உள்ளது என்பது ஒன்று. ஐயாற்றில் மீன் பிடித்து அறுத்துச் சமைக்கப் புகுந்தபோது, அறுபட்ட துண்டங்கள் பொருந்தி மீன்கள் உயிர்பெற்று நீரிற் பாய்ந்தன என்பது மற்றொன்று. அதுமுதல் அம்மீன்களை இறைவன் வடிவாகவே கருதி, அவற்றுக்கு உணவிட்டு வழிபடுவது வழக்கம். ஆடிப்பெருக்கன்று திரளான மக்கள் இங்கே கூடுவர். ஆற்றங்கரையிற் பொரியிட்டுக்கொண்டிருந்த மலைவாணராகிய முதியவர் ஒருவரை நோக்கி, "ஐயா, மறைவாக இம்மீன்களைப் பிடிப்பார் உண்டோ?" என்று யாம் வினவினேம். அவர் சிறிது நேரம் எம்மை உற்று நோக்கி, "சாமியை யாராவது பிடித்துத் தின்பார்களா?" என்று திருப்பி வினவினார். எம் வினாவின் சிறுமை அப்போது எமக்கு விளங்கிற்று.

கொல்லி மழவன் மகள்

கொல்லியின் வரலாற்றில் மலையை விட்டு வெளியே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. சைவர்க்கு அதுவே உயிர்நாடியாகும். பெரியபுராணத்துள் திருஞானசம்பந்தர் வரலாற்றில் அது வருகின்றது. கொல்லி மழவன் என்னும் தலைவனுடைய அருமை மகளை முயலகன் என்னும் கொடுநோய் பற்றிற்று. அவன் செய்த மருத்துவம் ஒன்றும் பயன்படவில்லை. வேறு வழியின்றித் திருப்பாச்சிலாச்சிராமத்து இறைவன் திருமுன் அவளைக் கொண்டுவந்து கிடத்தினான். அப்போது ஆளுடைய பிள்ளையார் அத்தலத்துக்கு எழுந்தருளுவதைக் கேட்டு எதிர்சென்று வணங்கினான். திருக்கோயிலுட் புகுந்த பிள்ளையார் உணர்வற்றுக் கிடந்த அக்கன்னியைக் கண்டு இரங்கி, இவளை வாட்டுதல் உமக்குத் தகுமோ என்று இறைவனையே வினவும் பொருள்பட ஒரு பதிகம் அருளினார். அவள் நோய் நீங்கி எழுந்து தந்தையின் அருகே வந்தாள். காவிரி வடகரையில் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில் உள்ள திருவாசியே அத்தலம்.

கொல்லியின் பெயர் தாங்கிய தலைவன் மகள் என்பதை இங்கே நன்கு கருதுக. மூலிகைக்குப் பேர்போன மலை அது. சித்தர்கள் வாழ்ந்த மலை என்றும், கோரக்கர் குகை அங்கே உண்டு என்றும் மக்கள் கூறுவர். அம்மலைப் பெயரை உடையவன் தன் மகளுக்கு வேண்டிய மருந்தை எம்மருந்திலும் காணாமல், மலைநீர் இறங்கும் திசையிலேயே இறங்கிக் காவிரிக்கரையில் இறைவன் திருமுன் வந்து நின்றான். ஐயாறு புளியஞ்சோலை வழியாக இறங்கும் அந்நாட்டிற்றான் திருவாசியும் உள்ளது. மலையையும் திருவாசியையும் வேறு வேறாகக் காண்பார்க்கு இத்தொடர்பு புலப்படாது.

நோயின் பெயரும் கருதற்பாலது. முயலகன் என்பது நடராசப் பெருமான் திருவடிக்கீழ்க் கிடக்கும் வடிவின் பெயருமாம். அவ்வடிவை ஆணவமலத்துக்கு அறிகுறியாக நம் சித்தாந்த ஆசிரியர்கள் கொள்வர். பெருமான் அவனைக் கொன்றாரல்லர். ஊன்றிய திருவடியின் கீழ் அடக்கி வைத்துள்ளார். ஆணவம் அனாதியாய் உள்ள பொருள். அஃது அழிந்தொழிவதில்லை, அதன் ஆற்றலே திருவருளால் அடங்கும் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. திருவாசித் திருக்கோயிலில் கூத்தப்பெருமான் முயலகன் மேல் நில்லாது பாம்பின்மேல் நின்றாடும் கோலத்தில் விளங்குகின்றார். பெண்ணைப் பற்றிய முயலகன் நோயைப் பாம்பாக்கி அதன்மேல் ஆடினார் என்பது தலத்தார் கூற்று.

இப்போது கொல்லி என்னும் பெயருக்கு மீண்டும் வருவாம். ஓரி கொல்லப்பட்டான்; அவன் மலையைக் கொண்டவரும் போரையே கண்டனர். ஆயின் அறைப்பள்ளிப் பெருமானைப் பற்றி மக்கள் காத்து வந்த செய்திகள் யாவும் கொலையினின்று மீட்சியையே கூறுகின்றன. கலப்பை பட்ட வடுவைத் தம் திருமேனியில் ஏற்றுக்கொண்டார். அறுபட்ட மீனைப் பொருத்தினார். மழவன் மகளைப் பற்றிய நோயைத் தம் திருவடியின் கீழ் வைத்தார். செவிவழிச் செய்திகளை வரலாறு என்று கொள்ளாதார்க்கும் ஒன்று தெளிவாகும். ஒரு மக்கட்கூட்டம் தன் இறைவனைப் பற்றி எதனை நினைவிற் கொள்ளத் தேர்ந்தது என்பது வரலாற்றுச் செய்தியே. கொல்லிமலை மக்கள் தேர்ந்தது அருளை. திருநாவுக்கரசர் சூலைநோய் நீங்கப் பாடிய முதற்பதிகம் கொல்லி என்னும் பண்ணில் அமைந்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டு பண்ணையும் மலையையும் பிணைத்தல் முறையன்று. ஆயினும் கொல்லி என்னும் பெயரைக் கேட்டவுடன் அஞ்சுதற்குச் சைவர்க்குக் காரணமில்லை என்பதற்கு அஃதொரு நல்ல நினைவூட்டு.

மலைவாணரும் கற்களும்

மலைமேல் வாழ்பவர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வார் என்பதே ஈண்டு அச்சொற்குப் பொருள். சேரநாட்டு மலையாளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர் வழியினர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றிற் குடியேறினர் என்றும் இவர்கள் கூறும் வரலாறு, தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலிலும் குறிக்கப்பட்டுள்ளது. தினை, சாமை, கேழ்வரகு ஆகியவற்றை விளைத்து வந்த இவர்களுடைய நிலங்களில் மரவள்ளியும் காப்பியும் மிளகும் பின்னர் இடம்பெற்றன.

இம்மலையின் மரத்தடிக் கோயில்கள் சிலவற்றில் மெருகேறிய சிறு கற்கள் தெய்வ வடிவங்களோடு வைத்து வழிபடப்படுகின்றன. அவை புதிய கற்காலத்து மக்கள் தீட்டிப் பயன்படுத்திய கைக்கோடரிகள் என்று தொல்பொருள் அறிஞர் கண்டனர். இரும்பு அறியாத காலத்தவர் மரம் வெட்டப் பயன்படுத்திய கருவி, பல்லாயிரம் ஆண்டு கழித்து மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது, அதனை எறிந்து விடாமல் மரத்தடியில் வைத்துப் பூவிட்டனர் இம்மக்கள். வெட்டும் கருவியும் இம்மலையில் வழிபடுபொருளாயிற்று. அருங்காட்சியகம் காக்காத பொருளைப் பூசை காத்தது. மலைக்குச் செல்வார் அக்கற்களை நினைவுப்பொருளாக எடுத்து வருதல் கூடாது. அது தொல்பொருளை அழிப்பதும் ஒரு குடியின் தெய்வத்தைக் கவர்வதும் ஆகிய இருமடித் தீமையாம்.

சமவெளியிலிருந்து செல்லும் நம்மவருட் சிலர் மலைவாணர் வழிபாட்டை ஆகமமறியாதார் செயல் என்று எளிதாக எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவார் ஒன்று கருதுக. திருமுறையில் ஒரு சொல்லால் மட்டும் குறிக்கப்பட்ட இத்தலம், பெருவேந்தர் ஆட்சி மறைந்து, கற்றோர் வருகை குன்றி, பாதையும் இல்லாதிருந்த நெடுங்காலத்தில் அழியாது நின்றது எவ்வாறு? ஆற்று மீனுக்குப் பொரியிட்டும், ஆடிப்பெருக்கன்று மலைமேற் கூடியும், விளைந்த தினையின் முதற்பிடியை இறைவன்முன் வைத்தும் வந்த இம்மக்களால் அன்றோ? வைப்புத்தலத்தை வைத்துக் காத்தவர் அவர். நாம் அவர்க்குக் கடன்பட்டுள்ளேம்.

முடிவுரை

ஆகவே கொல்லிமலைக்குச் செல்லும் அன்பர்கட்கு யாம் கூறிக்கொள்வது இது. நாமக்கல்லிற் குடைவரைகளைக் கண்டு மலையேறுக. செம்மேட்டில் ஓரியின் சிலையின்முன் நின்று, புகழ் கேட்டு நாணிய அவ்வள்ளலை நினைக. நற்றிணை கூறிய பலாவையும் தேனையும் அருவியையும் கண்ணாரக் காண்க. அறைப்பள்ளியிற் க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்தை முழுதும் ஓதி வழிபடுக. தனிப்பதிகம் இல்லாத தலத்துக்கு நாம் செய்யத்தக்க தொண்டு அதுவே. இறங்கும்போது அங்கே நில்லாது திருவாசிக்கும் சென்று, மழவன் மகள் எழுந்த இடத்திற் பாச்சிலாச்சிராமப் பதிகத்தை ஓதுக. மலையிற் தொடங்கிக் காவிரிக்கரையில் முடியும் இந்த யாத்திரையே கொல்லியின் வரலாற்றை முழுமையாகக் காட்டும்.

பதிகம் கிடைத்த தலங்களைப் பதிகமே காக்கும். ஒரு சொல் மட்டும் கிடைத்த தலத்தை அச்சொல்லைக் கேட்டவர்தாம் காத்தல் வேண்டும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன் ஒரு பெரியார் 'குளிர்' என்று ஓதிய அக்கல் இன்றும் குளிர்ந்தே உள்ளது. சென்று தொடுவார்க்கு அது விளங்கும்.

திருச்சிற்றம்பலம்